நிலா இல்லாத வானத்தில் ஒரு நிலா

1966ஆம் ஆண்டு செப்டம்பர் 8. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற தொடர் அன்றுதான் தொடங்கியது. விண்மீன்களுக்கு இடையே பறக்கும் ஒரு கப்பல், அதில் பல கிரகங்களைச் சேர்ந்த அதிகாரிகள். கூர்மையான காதுகளும் சிரிக்காத முகமும் கொண்ட ஸ்பாக் அவர்களில் ஒருவர். அம்மா பூமிக்காரர், அப்பா வல்கன் என்ற கிரகத்தைச் சேர்ந்தவர். முதல் கதையிலேயே உஹுரா என்ற அதிகாரி அவரிடம் பேச்சுக் கொடுக்கிறார்: முழுநிலா காயும் மாலை நேரத்தில் உங்கள் கிரகம் எப்படி இருக்கும்? வல்கனுக்கு நிலாவே கிடையாது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார் ஸ்பாக்.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1973இல், அதே தொடர் கார்ட்டூனாக வந்தது. அதில் ஒரு கதையில் ஸ்பாக் பிறந்து வளர்ந்த ஊரைக் காட்டினார்கள். ஊருக்கு மேலே வானத்தில் பெரிய உருண்டையாக ஒன்று தெரிகிறது! 1979இல் வந்த திரைப்படத்தில் இன்னும் மோசம். வல்கன் வானத்தின் பெரும்பகுதியை ராட்சதக் கோளங்கள் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. ரசிகர்கள் விடுவார்களா? நிலா கிடையாது என்றீர்களே, இது என்ன என்று கேட்டார்கள். 2001இல் அந்தப் படத்தைத் திருத்தி மறுபடி வெளியிட்டபோது அந்தக் கோளங்களை அழித்துவிட்டார்கள்.

அழித்ததில் எனக்கு வருத்தம்தான். அந்தக் கோளத்தை வைத்துக்கொண்டே கணக்கை நேர் செய்ய முடியும். அது எப்படி என்று இன்று பார்ப்போம். நிலாவோடு நிற்கப்போவதில்லை, வல்கனின் தட்பவெப்பத்தையும் சேர்த்தே பார்க்கப்போகிறோம். அதிலும் முரண்பாடு நிறைய இருக்கிறது. 1967இல் முதன்முதலாக வல்கனைக் காட்டிய கதையில் வானம் சிவப்பு, தரை பாலைவனம், வெயில் சுட்டெரிக்கிறது. காற்று மிக மெல்லியது என்று சொல்லி டாக்டர் மெக்காய் கேப்டன் கிர்க்குக்கு ஊசி போடுகிறார். (அந்த ஊசிக்குள் இருந்தது வேறு மருந்து என்பது கதையின் திருப்பம். ஆனால் காற்று மெல்லியது என்பதை அங்கே யாரும் மறுக்கவில்லை.) வல்கனின் ஈர்ப்பு பூமியை விட அதிகம், அதனால்தான் ஸ்பாக்குக்கு அவ்வளவு உடல்வலு என்றும் தொடர் சொல்கிறது. 1979 படத்திலோ ஆவி பறக்கும் வெந்நீர் ஊற்றுகள். அந்தக் காட்சிகளை அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், உண்மையான வெந்நீர் ஊற்றுகளின் நடுவே எடுத்தார்கள்.

இப்போது கேள்விகளைப் பாருங்கள். காற்று மெல்லியதாக இருந்தால் கிரகம் குளிர்ந்துதானே போக வேண்டும், ஏன் கொதிக்கிறது? ஈர்ப்பு அதிகம் என்றால் காற்றை இறுக்கிப் பிடித்து வைத்திருக்க வேண்டுமே, ஏன் மெல்லியதாக இருக்கிறது? பாலைவனத்தில் ஊற்று ஏது?

ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஓவியர்கள் வரைந்தார்கள், அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். அது உண்மையும்கூட. ஆனால் வரைந்ததை எல்லாம் ஒரே கிரகத்தில் வெவ்வேறு பயணிகள் எடுத்துவந்த சாட்சியங்களாக வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? நிஜக் கிரகங்களை ஆராய்பவர்களுக்கும் இப்படி ஒத்துப்போகாத சாட்சியங்கள்தான் கைக்கு வருகின்றன. செவ்வாயின் கதையைக் கேளுங்கள்.

1976 ஜூலை 20இல் வைக்கிங்-1 விண்கலம் செவ்வாயில் இறங்கியது. மறுநாள் வண்ணப் படம் வந்தது. அவசரமாக வெளியிட்ட முதல் படத்தில் செவ்வாயின் வானம் நம் ஊர் வானம் போல நீலமாக இருந்தது. பிறகு, நிறங்களைச் சரிபார்ப்பதற்காகவே விண்கலத்தின் மேல் ஒட்டி அனுப்பியிருந்த வண்ண அட்டைகளோடு ஒப்பிட்டுத் திருத்தியபோது, வானம் இளஞ்சிவப்பாக மாறியது. ஒரே கேமரா, ஒரே வானம், இரண்டு நிறம்! அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 1971 நவம்பரில், மாரினர்-9 செவ்வாயைச் சுற்றத் தொடங்கியபோது கிரகம் முழுவதையும் புழுதிப் புயல் மூடியிருந்தது. மிக உயர்ந்த எரிமலைகளின் உச்சி மட்டும் புழுதிக்கு மேலே தெரிந்தது. புயல் அடங்கிய பிறகு அதே கலம் எடுத்த படங்களில் பள்ளத்தாக்குகளும் வறண்ட ஆற்றுத் தடங்களும் இருந்தன. எந்தப் படம் பொய்? எதுவும் பொய்யில்லை. பார்த்த நாள் வேறு.

வல்கனின் சிவப்பு வானத்துக்கு இங்கேயே விடை கிடைக்கிறது. காற்று மூலக்கூறுகள் சூரிய ஒளியின் நீலப் பகுதியை அதிகமாகச் சிதறடிப்பதால் நம் வானம் நீலம். மெல்லிய, தூய்மையான காற்று என்றால் வானம் கருநீலமாக இருக்கும், சிவக்காது. வல்கனின் சூரியன் கொஞ்சம் ஆரஞ்சு நிறமாயிற்றே, அதனால் வானம் சிவந்திருக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அது போதாது. அந்த வகை விண்மீனிலும் நீல ஒளி தாராளமாக இருக்கிறது. காற்று அதைச் சிதறடித்தால் வானம் சற்றே வெளிறிய நீலமாகத்தான் இருக்கும். சிவக்க வேண்டும் என்றால் புழுதி வேண்டும். செவ்வாயில் நடப்பது அதுதான். துரு கலந்த நுண்ணிய தூசி நீலத்தை விழுங்கிவிட்டு மற்ற நிறங்களைச் சிதறவிடுகிறது. வல்கனில் கொடிய மணற்புயல்கள் உண்டு, அதில் மின்னல் வெட்டும் என்று 2004இல் வந்த ஒரு கதையில் காட்டியிருக்கிறார்கள். மணல் துகள்கள் ஒன்றோடொன்று உரசினால் மின்னேற்றம் உண்டாகும், ஆக அதுவும் பொருந்துகிறது. புழுதி எழுந்த பருவத்தில் சிவப்பு, அடங்கிய பருவத்தில் வேறு நிறம். வானத்தின் நிறத்தைப் பற்றி இனி யாரும் சண்டை போட வேண்டாம்.

அடுத்தது ஈர்ப்பும் காற்றும். ஈர்ப்பு கூடினால் காற்றும் கூடும் என்று நினைப்பது இயல்பு. வெள்ளிக் கிரகம் அதை உடைத்துப் போடுகிறது. வெள்ளியின் ஈர்ப்பு பூமியை விடச் சற்றுக் குறைவு. ஆனால் அதன் தரையில் காற்றழுத்தம் பூமியைப் போல 90 மடங்கு! எவ்வளவு வாயு தரைக்குள்ளிருந்து வெளியே வந்தது, எவ்வளவு மறுபடி பாறைக்குள் போய் அடைந்தது என்பதெல்லாம் சேர்ந்துதான் காற்றின் அளவைத் தீர்மானிக்கின்றன. ஈர்ப்பு அந்தக் கணக்கில் ஒரு பகுதிதான்.

ஈர்ப்பு வேறொரு வேலையும் செய்யும். பூமியில் சுமார் 5.5 கி.மீ. உயரம் ஏறினால் காற்றழுத்தம் பாதியாகிவிடும். ஈர்ப்பு ஒன்றரை மடங்கானால், அதே காற்று, அதே வெப்பத்தில், 3.7 கி.மீ. ஏறியதுமே பாதியாகிவிடும். அதாவது கனமான கிரகத்தில் காற்று தரையோடு ஒட்டிக் கிடக்கும். பள்ளத்தில் நின்றால் மூச்சு சீராக இருக்கும், மலைமேல் ஏறினால் சீக்கிரமே திணறும். கிர்க்குக்கு மூச்சு வாங்கிய இடம் ஓர் உயரமான பீடபூமியாக இருந்திருந்தால்? அதிக ஈர்ப்பும் மெல்லிய காற்றும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஒன்று மற்றதற்குக் காரணமாகவே ஆகிறது. இந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். இதற்காகப் புதிதாக எதையும் கற்பனை செய்யத் தேவையில்லை, கதையில் இருப்பதே போதும்.

மெல்லிய காற்றோடு வெயில் எப்படி? காற்று மெல்லியதானால் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் பிடித்து வைக்க முடியாது. செவ்வாயின் நடுக்கோட்டுப் பகுதியில் கோடைப் பகலில் 20 டிகிரி செல்சியஸ் வரை போகும், அதே இடத்தில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே 70 டிகிரிக்கும் இறங்கிவிடும். வல்கனின் பகல் கொதிக்க வேண்டும் என்றால் அது தன் சூரியனுக்கு அருகில் இருக்க வேண்டும். எவ்வளவு அருகில்? அதைக் கணக்கிட, எந்தச் சூரியன் என்று தெரிய வேண்டும்.

இதிலும் ஒரு தகராறு இருந்தது. சில நூல்கள் வல்கனை எப்சிலான் எரிடானி என்ற விண்மீனைச் சுற்றவிட்டன. சில நூல்கள் 40 எரிடானி என்றன. 1991 ஜூலையில் ‘ஸ்கை அண்ட் டெலஸ்கோப்’ என்ற வானியல் பத்திரிகையில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர்கள் நான்கு பேர். ஒருவர் தொடரைப் படைத்த ஜீன் ராடன்பெரி, மற்ற மூவரும் ஹார்வர்டு-ஸ்மித்சோனியன் மையத்தின் வானியலாளர்கள். எப்சிலான் எரிடானிக்கு வயது ஏறத்தாழ 100 கோடி ஆண்டுதான், அதற்குள் ஸ்பாக் போன்ற அறிவுள்ள உயிர்கள் உருவாகியிருக்க முடியாது, 40 எரிடானிக்கு ஏறத்தாழ 400 கோடி ஆண்டு, ஆகவே அதுவே வல்கனின் சூரியன் என்பது அவர்கள் வாதம். ஒரு கற்பனைக் கிரகத்தின் முகவரியை நிஜ விண்மீனின் வயதை வைத்து முடிவு செய்திருக்கிறார்கள்! நாம் இப்போது செய்துகொண்டிருப்பதும் அதே வேலைதான்.

40 எரிடானி நம்மிடமிருந்து 16 ஒளியாண்டு தொலைவில் உள்ள மூன்று விண்மீன்களின் குடும்பம். பெரியது ஆரஞ்சு நிறம், நம் சூரியனின் ஒளியில் பாதிக்கும் சற்றுக் குறைவு. மற்ற இரண்டும் சிறியவை, வெகுதூரத்தில் தனியாக ஒன்றையொன்று சுற்றுகின்றன. பெரியதிடமிருந்து பூமி பெறும் அளவு ஒளி கிடைக்க, சுமார் 10 கோடி கி.மீ. தொலைவில் இருக்க வேண்டும். நம் பூமி சூரியனிலிருந்து இருப்பது 15 கோடி கி.மீ. வல்கனை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி 9 கோடி கி.மீ.யில் வைத்தால், பூமியை விடக் கால் பங்கு அதிக வெயில் விழும். அதன் ஓர் ஆண்டு சுமார் 190 நாளில் முடிந்துவிடும்.

கால் பங்கு அதிக வெயில் பூமியில் விழுந்தால் கடல்கள் ஆவியாகத் தொடங்கிவிடும். நீராவியே வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு, ஆகவே சூடு கூடும், கூடக் கூட இன்னும் ஆவி, இன்னும் சூடு. வல்கன் எப்படித் தப்பித்தது? பாலைவனமாக இருப்பதால்தான்! கடல் இல்லாத வறண்ட கிரகங்கள், கடல் நிறைந்த கிரகங்களை விடத் தம் சூரியனுக்கு நெருக்கமாக இருந்தும் உயிர் வாழத் தக்கவையாக இருக்க முடியும் என்று யுடாகா ஆபே உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2011இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். காற்றில் நீராவி குறைவு என்றால் அந்தத் தொடர் சூடேற்றம் எளிதில் தொடங்காது. ஓவியர்கள் சும்மா பாலைவனமாக வரைந்து வைத்தது, வல்கனின் உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

இனி நிலா. இதற்கு ரசிகர்களும் கதாசிரியர்களும் முன்பே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். டயான் டுவேன் 1988இல் எழுதிய ‘ஸ்பாக்ஸ் வேர்ல்டு’ நாவலில் வானத்தில் தெரியும் அந்தக் கோளம் வல்கனின் இணைக் கிரகம். ஆக நிலா கிடையாது, ஆனால் தங்கை உண்டு!

வெறும் பெயர் மாற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு குழந்தைகள் கைகோத்துத் தட்டாமாலை சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். இருவரும் ஒரே எடை என்றால், சுற்றும் புள்ளி இருவருக்கும் சரியாக நடுவில் இருக்கும். ஓர் அண்ணனும் சின்னக் குழந்தையும் சுற்றினால் அந்தப் புள்ளி அண்ணனின் காலடிக்கே வந்துவிடும். பூமியும் நிலாவும் பொதுவான ஒரு புள்ளியைத்தான் சுற்றுகின்றன. அது பூமியின் மையத்திலிருந்து ஏறத்தாழ 4,700 கி.மீ. தள்ளி இருக்கிறது. பூமியின் ஆரம் 6,371 கி.மீ. என்பதால் புள்ளி பூமிக்குள்ளேயே கிடக்கிறது. புளூட்டோவையும் அதன் துணையான சாரோனையும் பாருங்கள். புளூட்டோ 2,377 கி.மீ. அகலம், சாரோன் 1,212 கி.மீ. இவை சுற்றும் புள்ளி புளூட்டோவுக்கு வெளியே, வெற்று வெளியில் இருக்கிறது. இதை இரட்டை உலகம் என்றே பலர் சொல்கிறார்கள். வல்கனும் அதன் தங்கையும் சம எடை என்றால் எது எதைச் சுற்றுகிறது என்று சொல்லவே முடியாது. ஸ்பாக்கின் பதில் தப்பில்லை.

ஆனால் 1967 கதையின் வானத்தில் அந்தத் தங்கையைக் காணோமே? இதற்கும் புளூட்டோவே உதவுகிறது. புளூட்டோவும் சாரோனும் 6.4 நாளுக்கு ஒருமுறை சுற்றிவருகின்றன. இரண்டும் தம்மைத்தாமே சுற்றிக்கொள்வதும் அதே 6.4 நாள்தான். அதனால் எப்போதும் ஒரே முகத்தைக் காட்டியபடி நிற்கின்றன. புளூட்டோவின் ஒரு பாதியில் நின்றால் சாரோன் உதிக்காது, மறையாது, ஒரே இடத்தில் தொங்கும். மறுபாதியில் நின்றால் ஆயுள் முழுக்கச் சாரோனைப் பார்க்கவே முடியாது. வல்கனும் அப்படிப் பூட்டப்பட்டிருந்தால் ஸ்பாக்கின் ஊர் தங்கையைப் பார்க்கும் பக்கத்திலும், 1967இல் கிர்க் நின்ற இடம் மறுபக்கத்திலும் இருக்கலாம். கிர்க் நின்றது ஸ்பாக் குடும்பத்தின் பரம்பரை நிலம். பரம்பரை நிலம் குடியிருக்கும் ஊரிலேயே இருக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன?

ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். இரண்டும் பூமியளவு எடை, வல்கனின் ஒரு நாள் 24 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், இடைவெளி சுமார் 53,000 கி.மீ. வரும். அங்கிருந்து பார்த்தால் தங்கை நம் நிலாவைப் போல 25 மடங்குக்கும் மேல் அகலமாகத் தெரியும். 1979 படத்தின் ஓவியர் மிகைப்படுத்தினார் என்று இனி சொல்ல முடியாது. தங்கை நேர் உச்சியில் நிற்கும் ஊர்களில், அது சூரியனை மறைக்கும் நாள்களில் நண்பகலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருட்டு! மறுபக்கத்துக்கு அந்த நிழல் கிடைக்கவே கிடைக்காது. சுட்டெரித்தது எந்தப் பக்கம் என்று யோசித்துப் பாருங்கள்.

மிச்சம் இருப்பது வெந்நீர் ஊற்று. இங்கே ஆசைப்பட்டு வழுக்கி விழ வாய்ப்பு அதிகம். வியாழனின் துணைக்கோளான ஐயோவை வியாழன் இழுத்து இழுத்துப் பிசைவதால் அதன் உட்புறம் உருகும் என்று ஸ்டான்டன் பீலும் இரு சக ஆய்வாளர்களும் 1979 மார்ச் தொடக்கத்தில் எழுதினார்கள். சில நாள்களிலேயே வாயேஜர்-1 எடுத்த படத்தில் ஐயோவின் எரிமலைப் பீறலைக் கண்டார்கள். ஆகா, தங்கைக் கிரகம் வல்கனைப் பிசைகிறது, அதனால்தான் ஊற்று கொதிக்கிறது என்று முடித்துவிடத் தோன்றும். ஆனால் அது நடக்காது. பிசைய வேண்டும் என்றால் இடைவெளி கூடிக் குறைய வேண்டும். ஐயோவின் பாதையை அப்படி நீள்வட்டமாகவே வைத்திருப்பது யூரோப்பா, கனிமீடு என்ற மற்ற இரு துணைக்கோள்களின் இழுப்பு. வல்கனும் தங்கையும் தனியாக இருக்கிறார்கள். ஒரே முகம் காட்டிப் பூட்டிக்கொண்டு வட்டப் பாதைக்கு வந்துவிட்ட பிறகு பிசைதல் நின்றுபோகும். ஒரு கேள்விக்குச் சொன்ன விடை இன்னொரு கேள்விக்கான விடையைக் கெடுத்தால் ஒன்றைக் கைவிட வேண்டும். நான் பிசைதலைக் கைவிடுகிறேன்.

ஊற்றுக்கு வேறு காரணம் கண்ணெதிரே இருக்கிறது. யெல்லோஸ்டோன் ஊற்றுகளை எந்த நிலாவும் கொதிக்க வைக்கவில்லை. பூமி உருவானபோது மிஞ்சிய வெப்பமும், பாறைகளில் உள்ள கதிரியக்கத் தனிமங்கள் சிதையும் வெப்பமும்தான் அடியில் இருக்கின்றன. சின்ன உலகம் சீக்கிரம் ஆறிவிடும், பெரிய உலகம் மெதுவாகத்தான் ஆறும். வல்கனின் ஈர்ப்பு அதிகம் என்று முன்பே பார்த்தோம். பெரிய, கனமான கிரகம் என்றால் அடிவயிறு இன்னும் சூடாகத்தான் இருக்கும். பாலைவனத்தில் ஊற்று ஏது என்பவர்கள் எத்தியோப்பியாவின் டனாகில் பள்ளத்தைப் பார்க்கலாம். உலகின் மிக வெப்பமான இடங்களில் ஒன்று, கடல்மட்டத்துக்கு 100 மீட்டருக்கும் கீழே, மழை மிகச் சொற்பம். அங்கே தல்லோல் என்ற இடத்தில் மஞ்சளும் பச்சையுமாக ஊற்றுகள் கொதித்துக்கொண்டிருக்கின்றன.

நிஜமான 40 எரிடானியில் கிரகம் இருக்கிறதா? 2018இல் இருக்கிறது என்றுதான் அறிவித்தார்கள். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஜியான் கே தலைமையிலான குழு அந்த ஆரஞ்சு விண்மீன் 42 நாளுக்கு ஒருமுறை மிக லேசாக முன்னும் பின்னும் அசைவதைக் கண்டது. பூமியைப் போல எட்டு மடங்குக்கும் மேல் எடையுள்ள கிரகம் இழுப்பதால் வரும் அசைவு என்றார்கள். வல்கன் கிடைத்துவிட்டது என்று செய்திகள் பறந்தன. 2024இல் அபிகெயில் பரோஸ் தலைமையிலான குழு, நெய்ட் என்ற நுட்பமான கருவியால் அளந்து, அது கிரகத்தின் வேலையே இல்லை என்று காட்டியது. அந்த விண்மீன் தன்னைத்தானே சுற்ற ஏறக்குறைய 42 நாள் ஆகும். அதன் மேற்பரப்பின் புள்ளிகளும் கொந்தளிப்புகளும் சுற்றிச் சுற்றி வந்து கிரகம் போலப் போக்குக் காட்டியிருக்கின்றன.

இருந்திருந்தாலும் அது நம் வல்கன் ஆகியிருக்காது. அந்த இடத்தில் பூமியைப் போல ஒன்பது மடங்கு வெயில் விழும், புதன் கிரகத்தை விட அதிகம். நம் கணக்குப்படி தேட வேண்டியது 190 நாள் அசைவு. பூமியளவு எடையுள்ள தனிக் கிரகம் அங்கே இருந்தால் விண்மீன் விநாடிக்கு சுமார் 13 செ.மீ. வேகத்தில் அசையும். தங்கையும் சேர்ந்தால் எடை இரட்டிப்பு, அசைவும் இரட்டிப்பு, 26 செ.மீ. 2018இல் ஏமாற்றிய 42 நாள் அசைவு விநாடிக்கு கிட்டத்தட்ட 2 மீட்டர். அத்தனை பெரிய இரைச்சலுக்கு அடியிலிருந்து 26 செ.மீ. அசைவைப் பிரித்தெடுக்க இன்றைய கருவிகள் திணறுகின்றன. விண்மீனின் கொந்தளிப்பையும் கிரகத்தின் இழுப்பையும் தனித்தனியாகப் பிரிக்கும் முறைகளைப் பல நாட்டு ஆய்வாளர்கள் இப்போது உருவாக்கி வருகிறார்கள். இந்த இதழைப் படிக்கும் யாராவது ஒருவர் பெரியவராகி அந்த வேலைக்குப் போனால், தேட வேண்டிய எண்கள் கையில் இருக்கின்றன: 190 நாள், 26 செ.மீ.